கடைசித் தேதிக்குப் பின் வருகிறவர்

ஜனவரி 9

அன்புள்ள அண்ணனுக்கு,

இங்கே நானும் அவரும் நலமாக இருக்கிறோம். உங்கள் முழங்கால் வலி குறைந்ததா? காதைப் பற்றிக் கேட்கவில்லை. வருஷக்கணக்கில் அச்சு இயந்திரத்துக்குப் பக்கத்தில் நின்றீர்கள், அது உங்கள் காதைத் தின்றுவிட்டது. அதனால்தான் போனை ஓரமாக வைத்துவிட்டு இப்படித் தாளும் பேனாவுமாக உட்கார்ந்திருக்கிறேன்.

போன கடிதத்தின் ஓரத்தில் பொடி எழுத்தில் ஒன்று எழுதியிருந்தீர்கள்: "மெழுகுவத்தி வெளிச்சம், கையெழுத்து கோணினால் பொறுத்துக்கொள்." மறுபடியும் கரண்டை நிறுத்திவிட்டார்களா? பென்ஷன் மாதாமாதம் வருகிறது. கையில் பணம் இருந்தும் கட்டாமல் இருட்டில் உட்கார்ந்திருக்கிற ஆளை நான் உங்களைத் தவிர வேறெங்கும் பார்த்ததில்லை. அண்ணி இருந்தவரை இப்படி ஒரு முறைகூட நடந்ததில்லை.

இப்போது பில் கட்ட எத்தனையோ வழி இருக்கிறது. ஆபீஸ் கவுண்டருக்குப் போக முழங்கால் இடம் கொடுக்கவில்லையென்றால் செக் எழுதி அங்கிருக்கும் பெட்டியில் போடச் சொல்லி யாரிடமாவது கொடுக்கலாம். தெருமுனைக் கடையில் வாங்கிக்கொள்கிறார்கள் என்று நீங்களே எழுதியிருந்தீர்கள். போனிலும் கட்டலாம். இதில் ஒன்றுகூடவா உங்களுக்கு ஒத்துவரவில்லை?

உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள். உடனே பதில் போடுங்கள்.

உங்கள்
பாப்பா


ஜனவரி 30

பாப்பாவுக்கு அண்ணன் எழுதுவது.

நான் சௌக்கியம். வேளாவேளைக்குச் சாப்பிடுகிறேன், தூங்குகிறேன், முழங்காலைத் திட்டுகிறேன். மாப்பிள்ளைக்கு இன்னும் இரவு வேலைதானா? உன் ஓட்டல் சலவைக்கூடத்தில் அந்தப் பெரிய இஸ்திரி இயந்திரத்தில் கையைக் கிய்யை விட்டுவிடாதே. ஐம்பத்தெட்டு வயசானாலும் எனக்கு நீ பாப்பாதான்.

நீ சொன்ன வழிகளையெல்லாம் நான் முயன்று பார்க்காமல் இல்லை. செக்கில் என் கையெழுத்து ஆடுகிறது என்று பேங்கில் திருப்பிவிட்டார்கள். தெருமுனைக் கடைக்காரர் நல்ல மனிதர், ஆனால் எனக்குக் கேட்கவேண்டும் என்று என் பில் தொகையைத் தெரு முழுக்கக் கேட்கிற மாதிரி கத்துகிறார். போனில் எழுத்தெல்லாம் எறும்பு ஊர்கிற மாதிரி இருக்கிறது. கவுண்டருக்குப் போகலாம். போகலாம் என்று நினைக்கும்போதே கடைசித் தேதி போய்விடுகிறது.

ஆனால் நீ பயப்படுகிற அளவுக்கு ஒன்றுமில்லை. கட்டாத வீடுகளின் பட்டியலை எடுத்துக்கொண்டு ஒருவர் வருவார். ஃபியூஸைப் பிடுங்குகிறவர் என்பதால் எல்லாரும் அவரை ஃபியூஸ்காரர் என்கிறார்கள். வாசலில் பெல்லை அழுத்தினால் உள்ளே ஒரு சிவப்பு பல்பு மின்னும்படி ஒயர் இழுத்து வைத்திருக்கிறேன், எனக்கு மணிச்சத்தம் கேட்காதே. அந்த பல்பைப் பார்த்து அவர் முதல் தடவை சிரித்துவிட்டார்.

"சார், நான் கரண்டைக் கட் பண்ணிட்டா இந்த பெல்லும் போயிடுமே. அப்புறம் நான் எப்படி உங்களைக் கூப்பிடுறது?" என்றார்.

என் முகத்துக்கு நேராக நின்று மெதுவாகப் பேசுகிறார். உதட்டைப் பார்த்தே முக்கால்வாசி புரிந்துவிடுகிறது. உட்காரச் சொன்னேன். டீ குடித்தார். பிறகு இரண்டு பேருமாக ஆபீஸ் வரை நடந்துபோய்ப் பணத்தைக் கட்டிவிட்டு வந்தோம். வேலை முடிந்தது.

மெழுகுவத்தி ஏற்றியது அவருக்கு உடம்பு சரியில்லாமல் வேறு ஒரு பையன் வந்த மாதம். அவன் பெல்லை அழுத்தவே இல்லை. பிடுங்கிக்கொண்டு போய்விட்டான்.

உன் அண்ணன்


பிப்ரவரி 17

அன்புள்ள அண்ணனுக்கு,

நலம்தான். அவருக்கு இரவு வேலைதான் தொடர்கிறது. நான் வேலைக்குக் கிளம்பும்போது அவர் உள்ளே வருகிறார், வாசலில் பார்த்துக்கொள்கிறோம். ஞாயிற்றுக்கிழமை முழுநாளும் தூங்குகிறார், நான் சத்தம் வராமல் நடக்கிறேன். வசதிக்குக் குறைவில்லை.

ஃபியூஸைப் பிடுங்க வருகிறவருக்கு டீ போட்டுக் கொடுத்து வழியனுப்புகிற வீடு நம் வீடாகத்தான் இருக்கும். படித்துச் சிரித்தேன், ஆனால் மனசு ஆறவில்லை. பட்டியலில் பெயர் வருகிற அளவுக்கு விடலாமா? அபராதம் வேறு.

எங்கள் வீட்டில் தண்ணீர், மின்சாரம், எரிவாயு எல்லாமே பேங்கிலிருந்து தானாகவே போய்விடுகிறது. நான் பில்லைக் கண்ணால் பார்த்தே பல வருஷம் ஆகிறது. உங்கள் வீட்டுக்கும் என் கணக்கிலிருந்தே அப்படி ஏற்பாடு செய்துவிடுகிறேன். அண்ணனுக்கு இதுகூடச் செய்யாவிட்டால் எப்படி? பில்லில் மேலே இணைப்பு எண் இருக்கும். அதை மட்டும் எழுதி அனுப்புங்கள்.

உங்கள்
பாப்பா


மார்ச் 11

பாப்பாவுக்கு,

அண்ணன் சௌக்கியம். நீயும் மாப்பிள்ளையும் சௌக்கியமாக இருக்கவேண்டும். இங்கே மாடிப்படிக்குப் புதிதாக வர்ணம் அடிக்கிறார்கள், கைப்பிடியைத் தொட்டால் ஒட்டிக்கொள்கிறது. கீழ்வீட்டுக்காரர்கள் மகனோடு இருக்கப் போய்விட்டார்கள். மேல்மாடியில் புதிதாக ஒரு ஜோடி. காலையில் போனால் இரவில்தான் கதவு திறக்கிறது.

ஃபியூஸ்காரர் போன வாரம் வந்தார். இவருக்கு ஒரு மகள், பல் டாக்டருக்குப் படிக்கிறாள். வாயைத் திறக்கச் சொல்லித் தன் அப்பாவிடமே பழகிப் பார்க்கிறாளாம். "வீட்டுக்குப் போனா வாயைத் திற, வாயைத் திறங்கிறா சார். வெளியே வந்தா, நான் வாயைத் திறந்தாலே ஜனங்க திட்டுறாங்க" என்றார்.

ஒரு வீட்டில் இவர் மேல் தண்ணீரைக் கொட்டிவிட்டார்களாம். சட்டை நனைந்துதான் வந்தார். என் சட்டை ஒன்றைக் கொடுத்தேன். அவருக்குத் தொளதொளவென்று இருந்தது. அதோடேயே பட்டியலை மடக்கிக்கொண்டு அடுத்த தெருவுக்குப் போனார்.

அவர் வருகிற வாரம் வீட்டைக் கொஞ்சம் ஒழுங்குபடுத்திவைக்கிறேன். பேப்பர் எல்லாம் நாற்காலியில் கிடந்தால் அவர் எங்கே உட்காருவார்?

நீ கேட்ட எண்ணை எழுத மறந்துவிட்டேன் பார். பில்லை எங்கேயோ வைத்துவிட்டேன். தேடி அடுத்த தடவை எழுதுகிறேன்.

உன் அண்ணன்


ஏப்ரல் 6

அன்புள்ள அண்ணனுக்கு,

இங்கே யாவரும் நலம். உங்கள் நலம் தெரிந்துகொள்ளவேண்டும் என்பதைவிட ஒரு நல்ல செய்தியைச் சொல்லவேண்டும் என்றுதான் இன்று எழுதுகிறேன்.

நீங்கள் எண் அனுப்பாவிட்டால் எனக்குக் கிடைக்காதா? அண்ணி தவறிய சமயம் நான் வந்திருந்தபோது ஒரு பில்லை நான்தான் கட்டினேன். அந்த ரசீது என் கைப்பையில் இத்தனை நாளும் இருந்திருக்கிறது. வேலையிடத்தில் ஒரு சின்னப் பெண் கம்ப்யூட்டரில் தட்டி உடனே செய்துகொடுத்துவிட்டாள். இனி ஒவ்வொரு தடவையும் கடைசித் தேதிக்கு முன்பே பணம் போய்விடும். கட்டியாயிற்று என்று என் போனுக்குச் செய்தியும் வரும்.

இனி உங்களுக்கு வரிசை இல்லை, செக் இல்லை, கடைக்காரர் கத்தல் இல்லை, ஃபியூஸ்காரர் தொல்லையும் இல்லை. நீங்கள் சும்மா உட்கார்ந்திருந்தால் போதும். எனக்கும் இத்தனை தூரத்திலிருந்து உங்களுக்கு ஒன்று செய்தோம் என்ற திருப்தி.

சந்தோஷம்தானே? எழுதுங்கள்.

உங்கள்
பாப்பா


மே 2

பாப்பாவுக்கு,

சௌக்கியம். உன் உதவிக்கு நன்றி. வசதியாகத்தான் இருக்கிறது.

ஃபியூஸ்காரரை நேற்று ஜன்னலிலிருந்து பார்த்தேன். எதிர்க் கட்டடத்துக்கு வந்திருந்தார். கை காட்டினேன். அவரும் கையிலிருந்த பட்டியலைக் காட்டி, உங்கள் பெயர் இல்லை என்கிற மாதிரி தலையை ஆட்டிச் சிரித்துவிட்டுப் போனார்.

மாப்பிள்ளையைக் கேட்டதாகச் சொல்.

உன் அண்ணன்


ஜூன் 3

அன்புள்ள அண்ணனுக்கு,

நலம். நீங்களும் நலம்தானே? உங்கள் கடிதம் தபால்தலையைவிடக் கொஞ்சம் பெரிதாக இருந்தது. இரண்டு தரம் படித்தும் ஒரு நிமிஷத்தில் முடிந்துவிட்டது. உடம்புக்கு ஏதாவதா? மாடிப்படி வர்ணம் காய்ந்ததா? மேல்மாடி ஜோடி எப்படி? முன்பெல்லாம் உங்கள் கடிதத்தை மதிய இடைவேளைக்கென்று வைத்திருப்பேன். படுக்கை விரிப்பு மடிக்கிற பெண்கள் என்னைச் சுற்றி உட்கார்ந்து, "உங்க அண்ணன் என்ன எழுதியிருக்கார்?" என்று கேட்பார்கள். ஃபியூஸ்காரர் கதையைச் சொன்னால் விழுந்து விழுந்து சிரிப்பார்கள். இந்த மாதம் சொல்ல ஒன்றும் இல்லை.

பில் நேரத்துக்குப் போய்விட்டது. செய்தி வந்தது.

நிறைய எழுதுங்கள்.

உங்கள்
பாப்பா


ஜூலை 21

அன்புள்ள அண்ணனுக்கு,

போன கடிதத்துக்குப் பதில் இல்லை. தபாலில் தவறிவிட்டதோ என்று இதை எழுதுகிறேன். உங்கள் போனுக்கு அடித்தால் மணி போகவே இல்லை.

முதலில் பயந்துவிட்டேன். பிறகு பில் செய்தி வந்ததும் மனசு சமாதானமாயிற்று. முன்பைவிட இரண்டு மடங்கு வந்திருக்கிறது. விளக்கு, ஃபேன், டிவி என்று வசதியாக இருக்கிறீர்கள் போலிருக்கிறது. இருக்கட்டும், நன்றாகப் போட்டுக்கொள்ளுங்கள், கணக்குப் பார்க்காதீர்கள். அதைப் பார்த்துத்தான் வீட்டில் ஆள் இருக்கிறார் என்று தெரிந்துகொள்கிறேன்.

அவர் கேட்டார், "என்ன, அண்ணன்கிட்டேருந்து கடுதாசி இல்லையா?" என்று. "பில் வந்திருக்கு" என்றேன். நான் சொன்னது என் காதுக்கே ஒரு மாதிரியாக இருந்தது.

ஒரு வரியாவது போடுங்கள்.

உங்கள்
பாப்பா


ஆகஸ்ட் 14

மதிப்புக்குரிய அம்மா அவர்களுக்கு,

வணக்கம். நீங்கள் என்னைப் பார்த்ததில்லை. மின்வாரியத்தில் இணைப்பைத் துண்டிக்கும் வேலை பார்க்கிறவன். உங்கள் அண்ணன் என்னைப் பற்றி உங்களுக்கு எழுதியிருப்பதாகச் சொல்வார். முதலிலேயே சொல்லிவிடுகிறேன், சார் நல்லபடியாக இருக்கிறார். பதறாமல் படியுங்கள்.

சென்ற வாரம் மேல்மாடி வீட்டு மீட்டரைப் பார்க்க வந்தேன். இறங்கும்போது பார்த்தால் சார் வீட்டில் பட்டப்பகலில் எல்லா விளக்கும் எரிந்துகொண்டிருந்தது. பெல்லை அழுத்தினேன். உள்ளே சிவப்பு பல்பு மின்னுவது ஜன்னல் வழியாகத் தெரிந்தது. டிவி ஓடிக்கொண்டிருந்தது. ஆள் வரவில்லை. பல்பு மின்னினால் உடனே வந்துவிடுகிற மனிதர். எனக்குச் சரியாகப் படவில்லை. எதிர்க் கட்டடத்தில் வர்ணம் அடித்துக்கொண்டிருந்தவர்களைக் கூப்பிட்டுக் கதவை நெம்பித் திறந்தோம். குளியலறை வாசலில் கிடந்தார். முந்தின நாள் காலையில் வழுக்கி விழுந்தாராம். கூப்பிட்டிருக்கிறார், கேட்க யாரும் இல்லை.

இடுப்பு எலும்பில் ஆபரேஷன் முடிந்துவிட்டது. அவர் போன் முன்பே தண்ணீரில் விழுந்து கெட்டுப்போயிருந்ததால் உங்கள் நம்பர் கிடைக்கவில்லை. கேட்டால், "பாப்பாகிட்ட சொல்லாதீங்க, பயந்துடுவா" என்கிறார். உங்கள் கடித உறையிலிருந்த விலாசத்தைப் பார்த்து அவருக்குத் தெரியாமல் எழுதுகிறேன்.

இன்னொன்றும் சொல்லவேண்டும். சார் மறதியால் பில் கட்டாமல் இருந்தவர் இல்லை. நான் போகும்போதெல்லாம் பணம் உறையில் தயாராக இருக்கும், டீக்குத் தண்ணீரும் அடுப்பில் இருக்கும். எனக்கு ஆரம்பத்திலேயே புரிந்துவிட்டது. நானும் அவரிடம் கேட்கவில்லை. என் வேலையில் என்னைப் பார்த்ததும் கதவைச் சாத்துகிறவர்கள்தான் அதிகம். இவர் ஒருவர்தான் நாற்காலியைத் துடைத்துப் போடுவார். அவர் பெயர் பட்டியலில் வராமல் போனதும், பில் ஒழுங்காகக் கட்டுகிற வீட்டுக்கு எந்த முகத்தோடு போவது என்று நான் போகாமல் இருந்துவிட்டேன். போயிருக்கவேண்டும்.

விளக்குகளை ஏன் அப்படிப் போட்டு வைத்திருந்தீர்கள் என்று ஆஸ்பத்திரியில் கேட்டேன். "வீட்ல நாலு பேர் இருக்கிற மாதிரி இருக்கும்ல" என்றார்.

என் நம்பரைக் கீழே எழுதியிருக்கிறேன். எந்த நேரமும் அழைக்கலாம்.

இப்படிக்கு,
தங்கள் அண்ணனின் நண்பர்


ஆகஸ்ட் 25

அண்ணா,

உடம்பு எப்படி இருக்கிறது என்று நான் கேட்கப் போவதில்லை. எல்லாம் தெரியும். உங்கள் நண்பரோடு நேற்று போனில் பேசினேன். அவர் மேல் கோபப்படாதீர்கள்.

உங்கள் பழைய கடிதங்களை எடுத்து வைத்துக்கொண்டு வரிசையாகப் படித்தேன். எண்ணை அனுப்ப மறந்துவிட்டேன் என்று எழுதினீர்களே, அச்சகத்தில் ஒரு பக்கத்தில் ஒரு புள்ளி விட்டுப்போனால்கூட இயந்திரத்தை நிறுத்திய ஆள் நீங்கள். அப்போதே எனக்குப் புரிந்திருக்கவேண்டும். நான் உங்கள் வீட்டுக்கு வந்துகொண்டிருந்த ஒரே ஆளை நிறுத்திவிட்டு, சந்தோஷம்தானே என்று வேறு கேட்டேன்.

ஆனால் நீங்களும் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம் அண்ணா. "பாப்பா, எனக்குத் தனியாக இருக்கிறது" என்று எழுதினால் நான் என்ன, சிரித்துவிடுவேனா? நான்கூட அப்படி எழுதியதில்லை என்பது உண்மைதான்.

அந்த ஏற்பாட்டை நிறுத்திவிடட்டுமா? சொல்லுங்கள். நவம்பரில்தான் எனக்கு லீவு தருகிறார்கள். வருகிறேன். அதுவரை உங்கள் நண்பரிடம் தினமும் கேட்டுக்கொள்வேன்.

உங்கள்
பாப்பா


செப்டம்பர் 24

பாப்பாவுக்கு,

அண்ணன் சௌக்கியம். இது வெறும் வார்த்தை இல்லை, நிஜமாகவே சௌக்கியம். வீட்டுக்கு வந்துவிட்டேன். நாலு கால் வைத்த ஊன்றுகோல் கொடுத்திருக்கிறார்கள். என்னுடைய இரண்டோடு சேர்த்து ஆறு. இனி விழுந்தால் அது என் தப்பு இல்லை.

உன்னிடம் சொல்லியிருக்கலாம்தான். ஒவ்வொரு தடவையும் எழுத உட்காருவேன். நீ அங்கே என்ன செய்யமுடியும், எதற்கு உன் மனசைக் கெடுக்கவேண்டும் என்று மடித்துவைத்துவிடுவேன். ஃபியூஸ்காரர் வருவது நின்ற பிறகு எழுத விஷயமும் இல்லாமல் போய்விட்டது. விளக்கைப் போட்டேன், அணைத்தேன் என்றா எழுதுவது?

பில் ஏற்பாட்டை நிறுத்தாதே. நேரத்துக்குப் போகட்டும், அது நல்லதுதான். கரண்டு இல்லாவிட்டால் பெல்லும் இல்லை.

நேற்று சாயங்காலம் பல்பு மின்னியது. ஊன்றிக்கொண்டு போய்த் திறந்தேன். ஃபியூஸ்காரர் நின்றிருந்தார். கையில் பட்டியல் இல்லை, பை இல்லை. கையை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியாமல் நின்றார். ஆஸ்பத்திரிக்கு வந்தபோதெல்லாம் மருந்து, சீட்டு என்று ஏதாவது காரணம் இருந்தது. இப்போது ஒன்றும் இல்லை.

"என்ன விஷயம்?" என்று கேட்டேன்.

"ஒண்ணுமில்ல சார். சும்மாதான்."

"சும்மாவா?"

"ஆமா. சும்மா."

இரண்டு பேருக்கும் வெட்கமாகப் போய்விட்டது. உட்கார்ந்தார். நான் டீ போட எழுந்தால் என்னைத் தள்ளி உட்காரவைத்துவிட்டு அவரே போட்டார். சர்க்கரை அதிகம். சொல்லவில்லை.

நவம்பரில் வா. மாப்பிள்ளையையும் கேட்டுப் பார். நீ எப்படி இருக்கிறாய்? உன் கடிதத்தில் அதை மட்டும் நீ எழுதுவதே இல்லை.

உன் அண்ணன்


அக்டோபர் 12

அன்புள்ள அண்ணனுக்கு,

உங்கள் கடிதம் கண்டு சந்தோஷம். ஆறு கால்களையும் கேட்டதாகச் சொல்லவும்.

நான் எப்படி இருக்கிறேன் என்று கேட்டிருந்தீர்கள். எழுத உட்கார்ந்தால் என்ன எழுதுவது என்று தெரியவில்லை. இங்கே எல்லாம் நேரத்துக்கு நடக்கிறது. ஒருவரும் பெல் அடிப்பதில்லை. அடிக்கவேண்டிய அவசியமே யாருக்கும் இல்லை.

உங்கள் கடிதத்தைப் படித்த ஞாயிற்றுக்கிழமை அவர் தூங்கிக்கொண்டிருந்தார். எனக்கு என்ன தோன்றியதோ, எழுந்துபோய் எதிர்வீட்டுக் கதவைத் தட்டினேன். அங்கே என் வயசுப் பெண் ஒருத்தி இருக்கிறாள், தனியாக. பல வருஷமாக எதிரெதிர் வீட்டில் இருக்கிறோம், லிஃப்டில் தலையை ஆட்டிக்கொள்வதோடு சரி.

சங்கிலியைக் கழற்றாமல் கதவை ஒரு விரல்கடை திறந்தாள். "ஏதாவது பிரச்சினையா?" என்று கேட்டாள்.

சும்மாதான் என்று சொல்லவேண்டும், அவ்வளவுதானே. உங்கள் நண்பர் சொன்ன அந்த ஒரு வார்த்தை எனக்கு வாயில் வரவில்லை அண்ணா. கடைசியில், "எங்க வீட்ல கரண்டு போயிடுச்சு. உங்க வீட்லயும் போயிடுச்சான்னு கேக்க வந்தேன்" என்றேன்.

அவள் என் தலைக்கு மேலே பார்த்தாள். நான் கதவைத் திறந்துபோட்டு வந்திருந்தேன். எங்கள் கூடத்தில் விளக்கு பளிச்சென்று எரிந்துகொண்டிருந்தது. அவள் அதைப் பார்த்தாள், பிறகு என்னைப் பார்த்தாள். எனக்கு அப்படியே திரும்பி ஓடிவிடலாம் போலிருந்தது.

கதவு சாத்திக்கொண்டது. சங்கிலி கழற்றுகிற சத்தம் கேட்டது. பிறகு அகலமாகத் திறந்தது.

"எங்க வீட்ல கரண்டு இருக்கிற மாதிரிதான் இருக்கு" என்றாள். "எதுக்கும் உள்ளே வந்து பாத்துடுங்களேன்."

உங்கள்
பாப்பா